பானெட்டில் ஒரு பேர், உள்ளே ஒரு பேர்: பெட்ரோல் லாரி டீசலான கதை

ஐம்பது அறுபதுகளில் தென்னாட்டு ரோட்டில் ஓடிய லாரிகளில் ஒரு வேடிக்கை உண்டு. முகப்பில் ஃபோர்டு என்றோ செவர்லே என்றோ போட்டிருக்கும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அமெரிக்க எஞ்சினைக் காணோம். அந்த இடத்தில் சென்னை சிம்ப்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் டீசல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் கியர் பாக்ஸ் சில சமயம் மூன்றாவது ஒரு வண்டியில் இருந்து கழற்றியது. "இது என்ன கம்பெனி வண்டி அண்ணாச்சி?" என்று கேட்டால் சொந்தக்காரரே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எஞ்சின் மாற்றுவது என்றால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பது, அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. எஞ்சினை மாற்றியவனை கியர் பாக்ஸ் சும்மா விடாது. அந்தச் சிக்கலுக்குப் பின்வருவோம். முதலில், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் எஞ்சினை ஏன் மாற்ற வேண்டி வந்தது?

திருநெல்வேலிக்கு ரயில் 1876-லேயே வந்துவிட்டது. 1904-க்குள் அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஆனால் தெற்கே நாகர்கோவிலுக்கு? திருநெல்வேலியில் இருந்து 1981 வரை ரயில் கிடையாது! ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எதைக் கொண்டுபோவதானாலும் ரோடுதான். மேற்கே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில், அதற்கும் பக்கத்து ஸ்டேஷன் அம்பாசமுத்திரம்தான். மீதி தூரம் ரோடு. தாமிரபரணிக் கரை முழுக்க நெல்லும் வாழையும். வாழைத்தார் காத்திருக்காது, ஒரு நாள் தாமதித்தால் விலை போய்விடும். மாட்டுவண்டியிடம் இருந்து இந்த வேலையை லாரி மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டது.

அன்றைய லாரி என்றால் பெரும்பாலும் அமெரிக்க லாரி, அதாவது பெட்ரோல் லாரி. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் இந்தியாவில் கடை விரித்திருந்தது. தென் மாவட்டங்களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றவர்கள் மதுரை டி.வி.எஸ். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ல் திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் வேலை, ரயில்வே வேலை, பாங்கு வேலை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு கடைசியில் மோட்டார் தொழிலுக்கு வந்தவர்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது யுத்தம் வந்தது. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா எண்ணெயும் நின்றது. பஸ்ஸும் லாரியும் ஷெட்டில் நிற்க வேண்டிய நிலை. அப்போது டி.வி.எஸ். கொண்டுவந்ததுதான் கரிவாயுக் கருவி. வண்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ பாய்லர் மாதிரி ஒரு பீப்பாய். அதற்குள் மரக்கரி. போதுமான காற்று கொடுக்காமல் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். காலையில் வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். வாயு தயாராகும் வரை பயணிகள் வேடிக்கை பார்க்க வேண்டும். (கார்பன் மோனாக்சைடு விஷவாயு. மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.)

கரிவாயுவில் எஞ்சின் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இழந்துவிடும். மேடு வந்தால் டாப் கியரில் ஏறிய வண்டி மூன்றாவதில் முனகும், மூன்றாவதில் ஏறியது இரண்டாவதில் தவழும். அதாவது, எஞ்சின் இழந்ததை கியர் பாக்ஸ் ஈடுகட்டியது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது சுலபமாகப் புரியும்.

யுத்தம் முடிந்ததும் கரிப் பீப்பாய்களைக் கழற்றி எறிந்தார்கள். ராணுவம் தன்னிடம் மிச்சமிருந்த ஃபோர்டு, செவர்லே லாரிகளை ஏலம் விட்டது. மலிவாக வண்டி கிடைத்ததில் பலர் புதிதாக லாரித் தொழிலுக்கு வந்தார்கள். ஆனால் வண்டி வாங்கும் செலவு ஒரு தடவைதான், பெட்ரோல் செலவு தினமும். இதற்கு நடுவில் 1953-ல் வரிவிதிப்புக் கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் படிப்படியாக உதிரிபாகங்களையே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் இருக்கலாம், வெளிநாட்டுப் பெட்டியைப் பிரித்துப் பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம் என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின.

நாட்டுக்கு இது நல்லதா கெட்டதா என்று காமர்ஸ் வகுப்பில் இன்னும் சண்டை போடலாம். ஆனால் ஏற்கெனவே ஃபோர்டு லாரி வைத்திருந்தவனுக்கு விஷயம் எளிமையானது. வண்டி கையில் இருக்கிறது, ஸ்பேர் வாங்க இடமில்லை. எஞ்சின் தேய்ந்துவிட்டால் என்ன செய்வது? புது லாரி வாங்கலாம். டாடா 1954-ல் மெர்சிடிஸ் பென்ஸ் லாரி செய்ய ஆரம்பித்தது, எண்ணூரில் அசோக் லேலண்ட் வந்தது. ஆனால் ஒற்றை லாரிக்காரர்களில் எத்தனை பேருக்குப் புதுவண்டி வாங்க முதல் இருந்திருக்கும்? சேஸிஸ் நன்றாக இருக்கிறது, ஆக்சில் நன்றாக இருக்கிறது, பாடி இருக்கிறது. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமே என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

அங்கேதான் சிம்ப்சன் வருகிறது. 1840-ல் குதிரை வண்டி கட்டுவதற்காக மெட்ராஸில் வெள்ளைக்காரர் தொடங்கிய கம்பெனி. அதில் முப்பதுகளில் சேர்ந்து, பிறகு அதையே கையில் எடுத்து, அமால்கமேஷன்ஸ் குழுமமாக வளர்த்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905–1964). இவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்! கடனாநதிக் கரையில் இருக்கும் சிவசைலம் கோயிலில் அம்மன் பெயர் பரமகல்யாணி. ஆழ்வார்குறிச்சியில் அந்தக் குடும்பம் உண்டாக்கிய கல்லூரிக்கும் அதே பெயர். அவர் மகன் பெயர் சிவசைலம். கடனாநதி தாமிரபரணியில் போய்ச் சேரும் ஆறு. ஆக, பெட்ரோல் வண்டிக்கு வேறு தீனி போட்டுப் பழக்கிய இரண்டு கம்பெனிகளையும் வளர்த்தவர்கள் ஒரே மாவட்டத்து ஆட்கள். தற்செயல்தான், ஆனால் நெல்லைக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். :-)

ஐம்பதுகளில் சிம்ப்சன் பெர்க்கின்ஸின் பி6 டீசல் எஞ்சினை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. ஆறு சிலிண்டர், சுமார் 4.7 லிட்டர். பெர்க்கின்ஸ் என்பது 1932-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் தொடங்கிய கம்பெனி. அது லாரி செய்யவில்லை, எஞ்சின் மட்டும்தான். எனவே அடுத்தவர்களுடைய வண்டிக்குள் தன் எஞ்சினை நுழைப்பதுதான் அதன் பிழைப்பே. இங்கிலாந்திலும் பெட்ரோல் லாரிகளைக் கழற்றி பி6 ஏற்றுவது பெரிய வியாபாரமாக நடந்தது. இந்தியாவில் பிரீமியர் கம்பெனியின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளுக்குள்ளும் பெர்க்கின்ஸ் டீசல் போனது.

லாபம் எங்கே இருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து ஆறு, ஏழு மடங்கு அழுத்தி பிளக்கால் தீப்பொறி கொடுக்கும். டீசல் வெறும் காற்றைப் பதினாறு மடங்குக்கு மேல் அழுத்தும். அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். அதிகம் அழுத்தினால் அதே எண்ணெயில் அதிக வேலை. மைலேஜ் ஒன்றரை மடங்குக்கு மேலேயே கூடும். போதாததற்கு டீசல் விலையும் பெட்ரோலைவிடக் குறைவு. எஞ்சினுக்குப் போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று லாரிக்காரர்கள் விரல் விட்டே கணக்குப் போட்டிருப்பார்கள்.

சரி, இப்போது கியர் பாக்ஸுக்கு வருவோம். கதையே இங்கேதான் இருக்கிறது.

ஃபோர்டு வி8 எஞ்சின் (3.6 லிட்டர், 85 குதிரைத்திறன்) தன் முழு பலத்தையும் கொடுப்பது நிமிடத்துக்கு 3,800 சுற்றில். பி6 சுமார் 2,400 சுற்றிலேயே தன் எல்லைக்கு வந்துவிடும். இரண்டுக்கும் குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்று வேகமாகச் சுற்றும் ஒல்லி ஆள், இன்னொன்று மெதுவாகத் தள்ளும் பயில்வான். ஒல்லி ஆளுக்குத் தைத்த சட்டையை பயில்வானுக்குப் போட்டால்?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். பின் ஆக்சிலில் கிரௌன்-பினியன் விகிதம் 6.67 என்றும், டயர் ஒரு சுற்றுக்கு 2.8 மீட்டர் உருளும் என்றும் வைத்துக்கொள்வோம். டாப் கியரில் எஞ்சின் வேகமே அப்படியே பின்னால் போகும். 3,800 சுற்றில் வண்டி மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர் போகும் (லோடு இல்லாமல், கணக்குக்கு மட்டும்!). அதே வண்டியில் 2,400 சுற்று எஞ்சினை வைத்தால் எவ்வளவு மிதித்தாலும் 60 தான். நாகர்கோவிலில் இறங்க வேண்டிய சரக்கு எப்போது போய்ச் சேருவது? டிரைவர் பொறுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் டீசல் எஞ்சின் சீக்கிரம் படுத்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கிரௌன்-பினியனை மாற்றுவது. 5.83 விகிதத்தில் போட்டால் 60 கிட்டத்தட்ட 69 ஆகும். இன்னொன்று, கியர் பாக்ஸையே மாற்றி டாப்புக்கு மேலே ஓவர்டிரைவ் என்று இன்னொரு கியர் கொடுப்பது. அந்த கியரின் விகிதம் 0.8 என்றால் பழைய ஆக்சிலிலேயே 75 வரை போகலாம். எந்த வழியானாலும் எஞ்சினோடு வேலை முடியவில்லை என்பது தெளிவு.

கீழ் கியர்களில் வேறு கூத்து. டீசல் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை அதிகம். பெட்ரோலுக்காகப் போட்ட முதல் கியர் இதற்கு ஆமை வேகம். காலி வண்டியை டிரைவர்கள் இரண்டாவதிலேயே எடுப்பார்கள். லோடோடு முதல் கியரில் எடுத்து கிளட்சைச் சட்டென்று விட்டால் கியர் பல் உடையும், இல்லாவிட்டால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் ஷாஃப்ட் முறியும். அந்த பாகங்கள் இவ்வளவு இழுவைக்கு அளவெடுத்தவை இல்லை. பலமான கியர் பாக்ஸைத் தேடி உடைத்த வண்டிக் கடைகளுக்கு அலைந்தது இதனால்தான்.

கியர் பாக்ஸ் கிடைத்துவிட்டது. மாட்டுவது எப்படி? எஞ்சினின் பின்முகத்தில் போல்ட் துளைகள் ஒரு வட்டத்தில், கியர் பாக்ஸின் முன்முகத்தில் வேறு வட்டத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கனமான தட்டைக் கடைந்து வைக்க வேண்டும். கியர் பாக்ஸில் இருந்து நீளும் தண்டின் முனை பிளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பேரிங்குக்குள் சரியாக உட்கார வேண்டும். தண்டில் வெட்டியிருக்கும் பற்களும் கிளட்ச் பிளேட் நடுவில் இருக்கும் பற்களும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு பிளேட்டின் நடுப்பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் வைத்து ரிவிட் அடிக்க வேண்டும். எஞ்சின் மையமும் கியர் பாக்ஸ் மையமும் ஒரு மயிரிழை விலகினால் போதும், முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு கியர் தானாக நழுவும், பேரிங் கத்தும், கடைசியில் தண்டே போய்விடும்.

அதோடு முடியவில்லை. கியர் பாக்ஸ் நீளம் மாறினால் பின்னால் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டும், ஒட்டியதை ஆட்டம் இல்லாமல் சமன் செய்ய வேண்டும். டீசல் எஞ்சின் கனம், எனவே முன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு இலை கூட்ட வேண்டும். பழைய வண்டியின் 6 வோல்ட் பேட்டரியால் டீசலைக் கிளப்ப முடியாது, மின்சாரமே மாற வேண்டும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: பிரேக். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் பல லாரிகளில் பிரேக்குக்குக் கூடுதல் பலம் கிடைத்தது. டீசலில் காற்றை அடைக்கும் கதவு கிடையாது, அந்த வெற்றிடமும் கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு பம்ப் பூட்டாவிட்டால், அதிக இழுவையும் குறைந்த பிரேக்கும் உள்ள வண்டி ரோட்டுக்கு வரும். நினைத்தாலே பயம்!

டிரைவரும் மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்தக் கால லாரி கியர் பாக்ஸில் இரண்டு சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் ஏற்பாடு கிடையாது. டிரைவரே காலால் ஒத்துப்போக வைக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு எஞ்சின் வேகம் இறங்கும் வரை ஒரு கணம் பொறுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியர். டபுள் கிளட்ச் என்பது இதுதான். அந்த ஒரு கணம் எவ்வளவு என்பது காதுக்குத் தெரிந்த கணக்கு. டீசல் எஞ்சினின் பிளைவீல் கனம், வேகம் சீக்கிரம் இறங்காது. பெட்ரோலில் பத்து வருஷம் ஓட்டிய டிரைவர் பழைய தாளத்தில் கியரைத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று ஊருக்கே கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு அந்தச் சத்தம் எவ்வளவு செலவு என்று தெரியும். :-)

இந்த இடத்தில் வரலாறு ஒரு ஓரவஞ்சனை செய்கிறது என்று சொல்ல வேண்டும். சுந்தரம் ஐயங்காருக்கும் அனந்தராமகிருஷ்ணனுக்கும் புத்தகங்கள் உண்டு. நடுவில் வைக்கும் தட்டைக் கடைந்த லேத் பட்டறைக்காரருக்குக் கிடையாது. கம்பெனி எஞ்சினைக் கொடுத்தது. அதை ஒவ்வொரு வண்டிக்கும் பொருந்த வைத்தது ஜங்ஷன் பக்கமும் பைபாஸ் ஓரமும் எல்லா ஊரிலும் இருந்த பட்டறைகள். வரைபடம் இல்லை, பழைய தட்டின் மேல் தாளை வைத்துக் கிரீஸ் விரலால் தேய்த்து எடுக்கும் அச்சுதான் வரைபடம். வேலை முடிந்ததும் அந்தத் தாளும் குப்பைக்குப் போய்விடும். ஆவணம் எங்கே இருக்கும்?

லாரிக்கு நடந்தது பின்னால் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் நடந்தது. மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்தது. அறுபதுகளில் எஃப்.சி.150 என்று மூக்கில்லாத பிக்கப்பும் வந்தது. டிரைவருக்கு அடியில் ஆக்சில், சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின். இரண்டிலும் பெட்ரோல் எஞ்சின், மூன்றே கியர். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியதும், மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு மூச்சு முட்டியது. மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதை மாதிரி ரோடுகளில் ஜீப் பாதி நேரம் கீழ் கியரில்தான் ஏறும். கீழ் கியர் என்றால் பெட்ரோல் ஆறாய் ஓடும். எண்பதுகளில் மகிந்திராவே பூஷோ டீசல் போட்ட ஜீப்புகளை விற்றது. அவை பழையதாகி உடைக்க வந்தபோது, அந்த டீசல் எஞ்சினும் நாலு கியர் பாக்ஸும் பழைய பெட்ரோல் வண்டிகளுக்குள் போயின. பிறகு ஐந்து கியர் பாக்ஸும் போனது.

ஜீப்பில் ஒரு தனிச் சங்கடம். கியர் பாக்ஸுக்குப் பின்னால் நான்கு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே மொத்தமே 80 அங்குலம். ஐந்து கியர் பாக்ஸ் நாலு அங்குலம் நீளம் கூடினால், அந்த நாலு அங்குலத்தையும் பின் ஜாயிண்ட் ஷாஃப்ட்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையானால் சாய்வு கூடும், சாய்வு கூடினால் கிராஸ் ஜாயிண்ட் மாதம் ஒன்று வாங்கும். எஃப்.சி. பிக்கப்பில் டீசலை வைத்தால் இன்னும் மோசம், எஞ்சின் சூடும் சத்தமும் நேராக டிரைவர் மடியில்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றம் செய்தால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து சான்றில் ஏற்ற வேண்டும் என்று இருந்தது. 1988 சட்டத்தின் 52-வது பிரிவு, அதற்கு 2000-ல் வந்த திருத்தம் என்று கயிறு இறுகிக்கொண்டே வந்தது. வேறு எரிபொருளுக்கு மாற அனுமதிக்கப்பட்ட கிட் பூட்டலாம். மற்றபடி, தயாரித்தவர் முதலில் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. பிரேக் பம்ப் இல்லாமல் ரோட்டுக்கு வரும் வண்டியை நினைத்தால் இந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது.

2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து ஐம்பது வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டி அசல் வடிவில் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ராணுவ ஏலத்தில் வாங்கி, கரி தின்னாமல் தப்பி, பெர்க்கின்ஸ் ஏற்றி, கியர் பாக்ஸ் மாற்றி, இருபது முப்பது வருஷம் நெல்லும் வாழைத்தாரும் சுமந்த ஃபோர்டு லாரி ஒன்று எங்காவது தோப்புக்குள் இன்னும் நின்றாலும் அதற்கு இந்த நம்பர் கிடைக்காது. அது சரக்கு வண்டி, சொந்த உபயோக வண்டி இல்லை. அதன் எஞ்சினும் அதனுடையது இல்லை.